பூனை உள்ள வீட்டில் பூந்தொட்டி

பதுளையிலிருந்து பசறை வழியாக மொனராகலைக்கு இறங்கும் பாதையிலே, மேலே தேயிலையும், இறங்க இறங்க இறப்பரும், அடியிலே வயலும் சேனையும் கண்ணுக்குத் தோன்றும். நிலம் மாறினாலும், வழியிலுள்ள எந்தத் தோட்டத்து லயத்தை எட்டிப் பார்த்தாலும் இரண்டு காட்சிகள் மாறுவதில்லை. ஒன்று, இஸ்தோப்பின் ஓரமாகப் பால்மாப் பேணியிலும் உடைந்த வாளியிலும் நட்டு வரிசையாக வைத்த செடிகள். மற்றது, அந்த வரிசைக்கு நடுவே வெயில் காய்ந்தபடி சுருண்டு கிடக்கும் பூனை.

இவ்விரண்டும் ஆடம்பரப் பொருள்கள் அல்ல. பூனை இல்லாத வீட்டில் அரிசி மூட்டையையும் மாப் பையையும் எலியிடமிருந்து காப்பது எவ்வளவு பாடு என்பதை நம் சகோதரிகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. எலியோடு எலிக்காய்ச்சலும் வரும் என்பதையும் அவர்கள் அறிவர். செடியோ வேறு வகையில் அருமையானது. மலையெல்லாம் பசுமையாய் நிற்கும் தேயிலை தோட்டத்துக்குச் சொந்தம். பேணியில் நிற்கும் செடிதான் வீட்டுக்காரிக்குச் சொந்தம். அவள் விரும்பி நட்டு, அவள் கையால் தண்ணீர் பெற்று, அவளுக்காகவே பூப்பது அது.

ஒரே கூரையின் கீழ் உரிமையோடு வாழும் இந்த இரண்டுக்கும் இடையே தீராப் பகை ஒன்று இருக்கக்கூடும் என்பதை நாம் அறிந்துகொண்டது, ஓர் உயிரைப் பறிகொடுத்த பின்னரே. அத்தகைய இழப்பு வேறு வீடுகளில் நேராதிருக்கட்டும் என்ற எண்ணத்தோடு இதனை எழுதுகிறோம்.

மூன்று நாட் கதை

நம் உறவினர் ஒருவரின் குடும்பம் பசறைப் பக்கத்தில் வாழ்கிறது. ஓர் உயிர்த்த ஞாயிறன்று, தேவாலயத்திலிருந்து திரும்பிய அயலார் அன்போடு கொடுத்தனுப்பிய பூங்கொத்து ஒன்று அவர்கள் வீட்டுக்கு வந்தது. நீண்ட குழல் போன்ற வெள்ளை லில்லிப் பூக்கள். வீடு முழுதும் மணம். அவற்றை ஒரு கண்ணாடிப் போத்தலில் தண்ணீர் ஊற்றி மேசைமேல் வைத்தார்கள்.

அந்த வீட்டிலே மூன்று வயதுப் பெட்டைப் பூனை ஒன்று இருந்தது. வீட்டுச் சிறுமி அதற்கு மீனாள் என்று பெயரிட்டிருந்தாள். இரவில் மேசைமேல் ஏறிய பூனையின் முதுகிலே மகரந்தப் பொடி மஞ்சள் மஞ்சளாக ஒட்டியிருந்தது. சிறுமி அதைக் கண்டு, "மீனாள் மஞ்சள் பூசிக் குளிச்சிருக்கா" என்று சொல்லிச் சிரித்தாளாம். பூனையும் தன் வழக்கப்படி முதுகைத் திரும்பித் திரும்பி நக்கிச் சுத்தம் செய்துகொண்டது.

மறுநாட் காலையில் அது இரண்டு முறை வாந்தி எடுத்தது. மாலைக்குள் வாந்தி நின்றுவிடவே, எதையோ தின்று வயிறு கெட்டிருக்கும், சரியாகிவிட்டது என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். அடுத்த நாள் அது உணவைத் தொடவில்லை. தண்ணீர்ப் பாத்திரத்தின் அருகிலேயே கிடந்தது. மூன்றாம் நாள் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டு, அழைத்த குரலுக்கு வரவில்லை. மிருக வைத்தியரிடம் கொண்டுபோனபோது அவர் கேட்ட முதற் கேள்வி, "வீட்டிலே லில்லிப் பூ இருந்ததா?" என்பதுதான். சிறுநீரகம் இரண்டும் செயலற்றுப் போயின என்றும், முதல் நாளே கொண்டுவந்திருந்தால் காப்பாற்ற வழியிருந்திருக்கும் என்றும் அவர் சொன்னார். அன்று மாலையே அதைக் கொய்யா மரத்தடியில் புதைத்தார்கள்.

துக்கம் விசாரிக்கச் சென்ற நம்மிடம் சிறுமி கேட்டாள்: "லில்லின்னா நல்ல பூதானே, மாமா?"

அந்தக் கேள்விக்கு விடை தேடப் போய் நாம் அறிந்துகொண்டவையே கீழே வருவன.

பூனைக்கு மட்டும் ஏன்?

நாயும் பூனையும் ஒரே தட்டில் உண்டாலும் அவற்றின் உடலமைப்பு ஒன்றல்ல. பூனை பிறவியிலேயே மாமிச பட்சணி. தலைமுறை தலைமுறையாக இறைச்சியையே நம்பி வாழ்ந்த பிராணியாதலால், செடிகொடிகளில் உள்ள பல இரசாயனப் பொருள்களை முறித்து வெளியேற்றும் ஆற்றல் அதன் கல்லீரலுக்கு மிகக் குறைவு. நமக்குத் தலைவலி தீர்க்கும் பரசிட்டமோல் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது என்றால், இந்தக் குறை எத்தகையது என்பது விளங்கும்.

இரண்டாவது காரணம் அதன் சுத்தம். பூனை தன் உடலை ஓயாமல் நக்கிக்கொள்கிறது. இலையைக் கடிக்காத பூனைகூட, தன்மேல் ஒட்டிய பொடியையும் பாலையும் தப்பாமல் விழுங்கிவிடுகிறது. மீனாளுக்கு நேர்ந்ததும் அதுவே.

மூன்றாவது, பசும்புல்லைக் கடிப்பது பூனையின் இயல்பு. நோயுற்ற பூனைதான் புல் தின்னும் என்று பலர் எண்ணுகின்றனர். டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பூனை வளர்ப்போர் பலரிடம் விசாரித்தறிந்தபோது, நல்ல தேகநிலையில் உள்ள பூனைகளே பெரும்பாலும் செடி தின்கின்றன என்று கண்டனர். வயிற்றுப் புழுக்களை வெளியேற்றக் காட்டு மூதாதையர் கைக்கொண்ட பழக்கத்தின் மிச்சமாக அது இருக்கலாம் என்பது அவர்களுடைய கருத்து. எனவே, "எங்கள் பூனை செடியைத் தொடாது" என்று எவரும் நிச்சயமாகச் சொல்வதற்கில்லை. ஊவாவிலே கச்சான் காற்று வீசும் மாதங்களில், முற்றத்துப் புல்லெல்லாம் காய்ந்து சருகாகிவிட, பசுமையாக எஞ்சி நிற்பது நாம் தண்ணீர் ஊற்றி வளர்க்கும் தொட்டிச் செடி ஒன்றுதான். அப்போது பூனை எதனைக் கடிக்கும் என்பதை யோசித்துக்கொள்ளலாம்.

பெயரைக் கண்டு ஏமாறாதீர்

சிறுமியின் கேள்விக்கு வருவோம். லில்லி என்பது ஒரு பூவின் பெயரன்று. ஒன்றோடொன்று உறவில்லாத பல செடிகள் அப்பெயரைப் பூண்டு நிற்கின்றன. அவற்றின் குணமும் வெவ்வேறு.

உயிர்த்த ஞாயிற்றுக்கும் திருமணங்களுக்கும் மரணச் சடங்குகளுக்கும் பயன்படும் மெய்யான லில்லியும், காலையில் மலர்ந்து மாலையில் வாடும் டே லில்லியும் பூனையின் சிறுநீரகத்தை அழிப்பவை. இலை, இதழ், மகரந்தம், போத்தலில் நின்ற தண்ணீர் ஆகிய எல்லாவற்றிலும் ஆபத்து உண்டு. அமெரிக்க மிருக வைத்தியர்கள் 1990களின் தொடக்கத்திலேயே இதனை எழுதிவைத்தனர். ஆயினும் அந்தச் செடியிலுள்ள எந்தப் பொருள் இக்கொடுமையைச் செய்கிறது என்பது இன்றுவரை விஞ்ஞானிகளுக்குப் பிடிபடவில்லை. இதே பூவைத் தின்ற நாய்க்கு வயிறு கெடுமேயன்றிச் சிறுநீரகம் கெடுவதில்லை என்பது வியப்புக்குரியது.

வரவேற்பறைகளில் வைக்கும் பீஸ் லில்லியும், மலைநாட்டில் வெள்ளைப் புனல் போலப் பூக்கும் ஆரம் லில்லியும் சேம்பு இனத்தைச் சேர்ந்தவை. அவை வாயை எரிக்கும், சிறுநீரகத்தைத் தொடுவதில்லை. மழை பெய்த மறுநாள் முற்றத்தில் பூக்கும் மழை லில்லி வேறோர் இனம். அதன் கிழங்கு வாந்தி உண்டாக்கும். மொனராகலைப் பக்கத்து வேலிகளிலே தீக்கொழுந்து போல மலரும் கார்த்திகைப் பூவையும் ஆங்கிலத்தில் லில்லி என்றே அழைக்கின்றனர். அதன் கிழங்கு மனிதரையும் மாட்டையும் பூனையையும் வேற்றுமையின்றிக் கொல்லும்.

பாம் என்ற பெயரும் இப்படித்தான். அரிக்கா பாம் என்று வழங்கும் மடகாஸ்கர் நாட்டுச் செடி பூனைக்கு ஒரு தீங்கும் செய்யாது. பழைய துரைமார் பங்களாக்களிலும் அலுவலகங்களிலும் காணும் சேகோ பாமோ பனையினமே அன்று; சைக்கஸ் என்னும் மிகப் பழைய தாவர இனம். அதன் விதையும் இலையும் ஈரலைக் கெடுக்கும் கொடிய விஷம். சைக்கஸ் விதையைப் பல நாள் ஊறவைத்துக் கழுவிய பின்னரே மாவாக்கி உண்ட நம் தீவின் கிராமத்தார் அதன் தன்மையை நன்கறிந்தவர்கள்.

மல்லிகைக்குக் குற்றமில்லை. ஆனால், இரவு மல்லிகை என்று சிலர் அழைக்கும் செஸ்ட்ரம் செடி மல்லிகையன்று, விஷச் செடி. பன்னத்தில் தீங்கில்லை. ஆனால், பூங்கொத்துக்குப் பச்சையாகச் சேர்க்கும் அஸ்பரகஸ் பேர்ன், பேர்ன் என்ற பெயரைத் தாங்கினாலும் பன்னமன்று. அதன் பழம் வயிற்றைக் கெடுக்கும், சாறு தோலை உறுத்தும்.

ஆகவே, செடியின் உருவத்தையோ செல்லப் பெயரையோ நம்பாமல், அது உண்மையில் எந்த இனம் என்று விசாரித்தறிவதே முதற் கடமை.

மூன்று படிகள்

விஷச் செடிகள் யாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து அஞ்சுவதும் சரியன்று. எல்லாவற்றையும் அலட்சியம் செய்வதும் சரியன்று. நாம் அவற்றை மூன்று படிகளாக வகுத்துக்கொள்வது நலம்.

முதற் படியில் நிற்பவை கொல்லும் செடிகள். மெய்யான லில்லி, டே லில்லி, சைக்கஸ், கார்த்திகைப் பூ ஆகியவற்றோடு, செவ்வலரியும் மஞ்சள் அலரியும் இதில் அடங்கும். அலரியின் விஷம் இதயத் துடிப்பைக் குலைப்பது. கோயிற் பூசைக்குப் பறித்து வந்த அலரிப் பூவைத் தட்டோடு திண்ணையில் வைத்துவிட்டுப் போகும் வழக்கம் நம்மிடையே உண்டு. பூனை உள்ள வீட்டில் அதனை மூடி வைக்க வேண்டும். மலைப்பாதைகளில் வெண்ணிற மணிகள் போலத் தொங்கும் பெரிய ஊமத்தைப் பூவும் இப்படியைச் சேர்ந்ததே. ரணகள்ளியிலும் அதன் உறவான கலஞ்சோவிலும் இதயத்தைத் தாக்கும் பொருள் உண்டு. பெரும்பாலும் வாந்தியோடு நின்றாலும், நிறையத் தின்றால் ஆபத்து. இந்தப் படியில் உள்ளவற்றை உயரத்தில் தூக்கி வைத்தாலும் பயனில்லை. இலை உதிரும், மகரந்தம் பறக்கும், பூனைக்கு எட்டாத உயரம் என்று ஒன்று கிடையாது. வீட்டுக்குள் சேர்க்காமல் விடுவதே வழி.

இரண்டாம் படியில் இருப்பவை வாயை எரிக்கும் செடிகள். சேம்பு அரிந்த கை அரிப்பதையும், அதனைப் புளி விட்டுச் சமைப்பதையும் அறியாத இல்லத்தரசி இல்லை. ஊசி போன்ற நுண்ணிய படிகங்கள் சேம்பின் சாற்றில் இருந்து தோலிலே குத்துவதால் வரும் அரிப்பு அது. அதே ஊசிகள் அந்த இனத்து அலங்காரச் செடிகள் அனைத்திலும் உண்டு. மணி பிளான்ட், டிபன்பேக்கியா, கலேடியம், பிலோடென்ரன், அந்தூரியம் ஆகிய யாவும் சேம்பின் சுற்றத்தாரே. டிபன்பேக்கியாவின் தண்டைக் கடித்தவன் நாக்கு வீங்கிப் பேச்சிழப்பான் என்பதால் ஆங்கிலேயர் அதற்கு ஊமைக் கரும்பு என்று பெயர் வைத்தனர். இவற்றைக் கடித்த பூனை எச்சில் ஒழுக, முன்னங்காலால் வாயைத் துடைத்துத் துடைத்துத் தவிக்கும். பெரும்பாலும் உயிருக்கு மோசமில்லை; ஆயினும் தொண்டை வீங்கினால் மூச்சு முட்டும். அந்தூரியம் வளர்த்துப் பூ விற்றுக் குடும்பம் நடத்தும் சகோதரிகளை அதனைப் பிடுங்கி எறியச் சொல்வது நம் நோக்கமன்று. நிழல் வலைக்குள் அடைத்து வளர்ப்பதும், வெட்டிய இலையை உடனே அப்புறப்படுத்துவதும் போதும்.

மூன்றாம் படியில் இருப்பவை வயிற்றைக் கலக்கும் செடிகள். கற்றாழை, மருள், கற்பூரவள்ளி, ஹைட்ரேஞ்சியா என்பன இதில் வரும். மருளின் ஓர் இனத்திற்குத் தாவர நூலார் சைலானிகா என்று நம் நாட்டின் பழம் பெயரையே இட்டிருக்கின்றனர். உலர்ந்த மண்ணில் தண்ணீரின்றியும் வாழும் அந்தச் செடியை மொனராகலை வீடுகளில் வேண்டாமென்பது கடினம். தேயிலைக்கு உகந்த புளிப்பு மண்ணிலே நீல நிறமாய்ப் பூக்கும் ஹைட்ரேஞ்சியாவை பண்டாரவளை வீடுகளில் வேண்டாமென்பதும் அவ்வாறே. பிள்ளைகளின் சளிக்குக் கைகண்ட மருந்தான கற்பூரவள்ளியும் பூனைக்கு வாந்தியையே தரும். இவற்றைக் கொஞ்சம் கடித்தால் வாந்தியும் கழிச்சலும் வந்து தீரும். எட்டாத இடத்தில் தொங்கவிட்டு வளர்க்கலாம். கிறிஸ்மஸ் காலத்தில் செக்கச் செவேலென்று விளங்கும் பொயின்செட்டியாவைக் கொடிய விஷமென்று பலர் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் மிகைப்பட்டது. அதுவும் இந்த மூன்றாம் படியைத் தாண்டுவதில்லை.

அச்சமின்றி வளர்ப்பதற்கு

இதுவரை சொன்னதைக் கேட்டு, பூனை இருந்தால் செடியே கூடாதோ என்று மனம் தளர வேண்டியதில்லை. 1866இல் தொடங்கிய அமெரிக்காவின் பிராணிவதைத் தடுப்புச் சங்கம், பூனைக்குத் தீங்கு செய்யும் செடிகளோடு தீங்கு செய்யாத செடிகளையும் நீண்ட பட்டியலாகத் தொகுத்து வைத்திருக்கிறது. நம் மாகாணத்தில் எளிதாக வளரும் பல செடிகள் அந்த நல்ல பட்டியலில் இடம்பெற்றுள்ளன. ஊவா என்பது ஒரே சீதோஷ்ணம் உள்ள நாடன்று. ஆகவே, உயரத்திற்கு ஏற்பத் தெரிந்தெடுக்க வேண்டும்.

பண்டாரவளை, அப்புத்தளை, தியத்தலாவை முதலிய குளிர்ந்த ஊர்களில் உள்ளோர்க்கு ஆபிரிக்க வயலட் பொருத்தமானது. தான்சானியா நாட்டு மலைகளில் இருந்து 1892இல் ஒரு ஜெர்மானிய அதிகாரியால் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்ட செடி அது. சன்னலோர வெளிச்சமே அதற்குப் போதும்; இலையில் தண்ணீர் படாமல் அடியில் ஊற்ற வேண்டும். ஓர் இலையைக் காம்போடு நட்டாலே புதுச் செடி கிளம்பும். ரோஜாவும் பூனைக்கு நஞ்சன்று. முள்ளை மட்டும் கவனித்துக்கொள்ள வேண்டும்.

பதுளை, ஹாலிஎலை, பசறை, லுணுகலை போன்ற நடுத்தர உயரத்து ஊர்களில் பன்னம் செழித்து வளரும். நெப்ரோலெபிஸ் என்னும் வாட்பன்னமும், கருந்தண்டில் மெல்லிலை தாங்கும் அடியாந்தமும், பறவைக்கூடு போல இலை விரிக்கும் அஸ்பிளேனியமும் பூனைக்குத் தீங்கற்றவை. பகலில் விரிந்து இரவில் இலையைக் குவிக்கும் மராந்தாவும், கோலமிட்டாற் போன்ற இலைகளையுடைய கலத்தியாவும் இஸ்தோப்பின் நிழலுக்கு ஏற்றவை. கலேடியத்தின் வண்ண இலையை விரும்புவோர் அதற்குப் பதிலாகக் கலத்தியாவை வைத்துக்கொண்டால் அழகும் குறையாது, அச்சமும் இராது.

மொனராகலை, புத்தளை, வெல்லவாயை, பிபிலை ஆகிய வெப்பமான ஊர்களுக்கு அரிக்கா பாமும் ஸ்பைடர் பிளான்ட் என்னும் குளோரோபைட்டமும் உற்ற துணை. பின்னது தென்னாபிரிக்காவிலிருந்து வந்தது. வெள்ளைக் கோடிட்ட புல் போன்ற இலையும், நூல் விட்டுத் தொங்கும் குட்டிச் செடிகளுமாய் இருக்கும். பூனைக்கு அதன்மேல் தனி மோகம், கடித்துக் கந்தலாக்கிவிடும். ஆனால் கெடுதல் செடிக்கேயன்றிப் பூனைக்கன்று. பூ வேண்டுவோர் தென்றோபியம் ஓர்க்கிட்டைத் தேங்காய் மட்டைத் துண்டுகளில் நட்டுத் தொங்கவிடலாம். வெயில் படும் முற்றத்தில் சீனியாவும் கோழிக்கொண்டையும் மல்லிகையும் வைக்கலாம்.

ஒன்றை மறக்கலாகாது. நல்ல செடியும் பூச்சி மருந்து தெளித்த நாளில் நல்ல செடியன்று. உரம் கரைந்த தண்ணீர் தொட்டியின் அடித் தட்டில் தேங்கி நின்றால் பூனை அதைக் குடிக்கும். நத்தைக்கு வைக்கும் மருந்தும் எலிக்கு வைக்கும் நஞ்சும் பூனையின் வழியில் இருக்கவே கூடாது.

பூனைக்கென்று ஒரு தொட்டி

பூனையைச் செடியிலிருந்து விலக்க எளிய வழி, அதற்கென்றே ஒரு தொட்டியைக் கொடுத்துவிடுவது. வேலி ஓரத்து அறுகம்புல்லை வேரோடு பெயர்த்து ஓர் அகன்ற பேணியில் நட்டு, கச்சான் காலத்திலும் தண்ணீர் ஊற்றி வளர்த்தால், மற்றத் தொட்டிகளைப் பூனை பெரும்பாலும் மறந்துவிடும். மருந்தடித்த தேயிலை மலையிலிருந்து புல்லை எடுக்கலாகாது. இறுங்கின் இளம் பயிரையும் இதற்குப் பயன்படுத்தலாகாது. அதனை மேய்ந்த மாடு நஞ்சுண்டு சாய்வதைக் கமக்காரர் அறிவர்.

நம் மண்ணிலேயே பூனைக்குப் பிடித்த செடி ஒன்று உண்டு. குப்பைமேட்டிலும் வழியோரத்திலும் தானாக முளைக்கும் குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றும் ஒரு பெயர். அதனை வேரோடு பிடுங்கிப் போட்டால், பூனை அந்த வேரை முகர்ந்து, முகம் உரசி, மயங்கினாற் போல் புரளும். மேனாட்டார் கேட்னிப் என்ற செடியைக் கொண்டு பூனைக்கு விளையாட்டுக் காட்டுவது போன்றதே இதுவும். 2016இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் குப்பைமேனி வேரை ஆராய்ந்து, கேட்னிப்பில் உள்ளதற்கு நெருங்கிய உறவான பொருள்கள் அதில் இருப்பதைக் கண்டனர். நம் முன்னோர் பெயரிலேயே குறித்துவைத்ததை இரசாயனக் கூடம் பின்னர் உறுதி செய்தது. இதனை விளையாட்டுக்கு மட்டுமே கொடுக்க வேண்டும். இலையை உணவாகக் கொடுப்பது நல்லதன்று.

கடித்துவிட்டால்

எவ்வளவு கவனித்தாலும் சில வேளை தவறு நேரும். பூனை முதற் படிச் செடி எதையேனும் கடித்ததாக, அல்லது லில்லி மகரந்தம் மேலே பட்டதாகச் சந்தேகம் எழுந்த உடனே புறப்பட வேண்டும். நோய்க்குறி தோன்றட்டும் என்று காத்திருக்கலாகாது. உடலில் பட்ட பொடியை ஈரத் துணியால் துடைத்து, நக்க விடாமல் துவாயில் சுற்றிக்கொள்ள வேண்டும். கடித்த இலையில் ஒரு துண்டை எடுத்துச் செல்ல வேண்டும். கையில் உள்ள தொலைபேசியில் செடியைப் படம் பிடித்துக்கொண்டாலும் போதும். உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்கச் செய்வதும், தேங்காயெண்ணெய் ஊற்றுவதும், மனிதர் மாத்திரையைக் கொடுப்பதும் கேட்டையே பெருக்கும்.

லில்லி விஷத்தில் முதல் சில மணி நேரமே பொன்னான நேரம். பதினெட்டு மணி நேரத்துக்குள் நரம்பு வழியே திரவம் ஏற்றத் தொடங்கி, இரண்டு மூன்று நாட்கள் விடாது கொடுத்தால் பூனை பிழைப்பதற்கு நல்ல வாய்ப்புண்டு. வாந்தி நின்று பூனை தேறியது போலத் தோன்றும் வேளையிலேதான் உள்ளே சிறுநீரகம் அழிந்துகொண்டிருக்கிறது. அந்த அமைதியே நம் உறவினர் குடும்பத்தை ஏமாற்றியது.

அரசாங்க மிருக வைத்திய அலுவலகங்கள் நம் மாகாணத்தில் பல ஊர்களில் உள்ளன. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்தில் பெரிய வைத்தியசாலையும் உண்டு. ஆனால், மேல் மலை லயத்திலிருந்து பெரிய வீதிக்கு இறங்கி வாகனம் பிடிப்பதற்குள் எத்தனை நாழிகை கழியும் என்பது அங்கே வாழ்வோர்க்குத் தெரியும். விடுமுறை நாளாயின் சொல்ல வேண்டியதில்லை. நகரத்தார் பிழையாகச் செடி வாங்கினாலும் ஓடிப்போய் வைத்தியம் பார்க்கலாம். நமக்கு அந்த வசதி குறைவு. ஆதலால், செடியைத் தெரிந்தெடுக்கும் போதே கவனிப்பதுதான் நமக்கு வாய்த்த வைத்தியம்.

நம் வீட்டுச் செடிகளில் மிகப் பல கடையில் வாங்கியவை அல்ல. "அக்கா, எனக்கும் ஒரு கிளை ஒடிச்சுத் தாங்களேன்" என்று கேட்டு, கைக்குக் கை மாறி, லயத்துக்கு லயம் பரவியவை. அந்த நல்ல வழக்கம் நீடிக்க வேண்டும். கிளையை வாங்கும் போது அதன் பெயரையும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். பெயர் தெரியாத செடியைத் தெரியும் வரை வீட்டுக்கு வெளியே வைப்பதில் நட்டமொன்றுமில்லை. பூங்கொத்துக் கொடுப்போரும், அந்த வீட்டில் பூனை உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டுக் கொடுத்தால் புண்ணியமாகும்.

அண்மையில் அந்த உறவினர் வீட்டுக்குச் சென்றிருந்தோம். இஸ்தோப்பிலே அறுகம்புல் வளர்ந்த பேணி ஒன்று. அதன் அருகே நான்கு மாதக் குட்டி ஒன்று வெயில் காய்ந்தது. நாம் பதுளையிலிருந்து கொண்டுபோயிருந்த சிறு செடியைச் சிறுமியிடம் நீட்டினோம். அவள் கையை நீட்டவில்லை.

"இதுக்கு என்ன பேரு, மாமா?" என்று கேட்டாள்.

ஆபிரிக்க வயலட் என்றோம். அதற்குப் பின்னரே வாங்கிக்கொண்டாள்.